எண்ணிக்கொண்டே படம் பார்த்தவர்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, சபையோரே, வணக்கம். மணி அடிக்க முதல் விசயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தனியாளாய்ப் பழிவாங்கக் கிளம்பும் நாயகனின் படத்தில் வருகிற துவக்கு பொழுதுபோக்கா, கேடா? கேடு என்பது எங்கள் கட்சி. எதிரணித் தம்பி சற்று முன் என்ன சொன்னார்? "இவர்களை விட்டால் தீபாவளிக்குப் பிள்ளைகள் வாங்கும் கேப் துவக்கையும் பறிப்பார்கள். வெடிச்சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே ஓடுகிற கூட்டம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, அதற்கு வருகிறேன்.

முதலில் என் பெரியப்பா. யாழ்ப்பாணத்துப் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஷெல் கிளம்புகிற குத்துச் சத்தம் கேட்டால், விழும்வரை வாய்விட்டு எண்ணுகிறவர். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அவரைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். நாயகன் கையில் ஒரேயொரு கைத்துப்பாக்கி. கிட்டங்கிக்குள் நுழைந்து சுடத் தொடங்கினான். பெரியப்பாவும் தொடங்கினார். "பதினஞ்சு... பதினாறு... பதினேழு..." பின்னாலிருந்து ஒருவர், "ஐயா, பேசாமல் பாருங்கோ" என்றார். இவர் நிறுத்தவில்லை. இருபத்தைந்தில் அந்த மனுசனும் சேர்ந்து எண்ணினார். முப்பதில் வரிசை முழுக்க எண்ணியது. நாயகன் மகசினை, அதுதான் குண்டு அடைக்கிற கூட்டை, மாற்றவே இல்லை. பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது, திரும்பவும் சொல்கிறேன்: மாற்றவே இல்லை! "நாற்பது!" என்று பெரியப்பா சொன்னதும் கொட்டகையே கை தட்டியது. நாயகனுக்கு இல்லை, பெரியப்பாவுக்கு.

தம்பி தன் பேச்சில் 2014இல் வந்த 'ஜோன் விக்' என்ற பழிவாங்கும் படத்தைக் காட்டினார். அதில் பி30எல் கைத்துப்பாக்கி, 15 குண்டு மகசின், நாயகன் கியானு ரீவ்ஸ் ஒழுங்காக மாற்றுகிறார் என்றார். உண்மை, மாற்றுகிறார். குறி தவறிய குண்டு எங்கே போனது என்று எந்தப் படம் காட்டியது, தம்பி? எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. விரலை விட்டால் முதல் கணு வரை போகும். யாரோ யாரையோ பார்த்துச் சுட்டது. தண்ணி அள்ள வந்தவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நடிப்புத்தானே என்கிறார்கள். 1993இல் 'த க்ரோ' என்ற பழிவாங்கும் படத்தின் படப்பிடிப்பில் அதன் நாயகன் பிராண்டன் லீ செத்தார். போலித் தோட்டாவின் முனை கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அடுத்து குண்டில்லாத வெற்றுவெடி போட்டுச் சுட்டபோது அது வயிற்றில் பாய்ந்தது. 28 வயது.

இனிக் கட்டிலுக்குக் கீழே ஓடுகிற கூட்டம். ஓம் தம்பி, ஓடுகிறவர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார். என் பெரியம்மா. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சீனவெடி கொளுத்தினால், அடுப்பில் இருக்கிற பலகாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லோரும் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் இருப்போம். எல்லோரும் வந்த பிறகும் இன்னொரு பேரைக் கூப்பிடுவார். அது என் அண்ணா. சண்டைக் காலத்தில் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை.

இந்தச் சபையில் எத்தனை அம்மாமார் இப்போது கண்ணைத் துடைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. தம்பி, உங்களோடு எனக்குக் கோபமில்லை. நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பெரியம்மா கையால் தேத்தண்ணி குடியுங்கள். துவக்குச் சத்தம் வெறும் பொழுதுபோக்கு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் நடுவர் உங்களுக்கே தீர்ப்புச் சொல்லட்டும். வணக்கம்.