போத்தலோடு வந்த தாய்

(வெள்ளவத்தையில் பெற்றோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். காலி வீதி நெரிசலைத் தாண்டி, பிள்ளைகளின் பரம்பரை அனுசேபக் கோளாறு, அதாவது சாப்பாட்டை உடம்பு மாற்றிப் பயன்படுத்துவதில் பிறவியிலேயே வரும் பழுது, என்ற தலைப்பைக் கேட்க இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஆராய்ச்சியாளரின் கதையோடு தொடங்கினால் விசயம் தானாக விளங்கிவிடும்.

நோர்வேயில் 1888இல் பிறந்த அஸ்பியோர்ன் ஃபொல்லிங் முதலில் படித்தது இரசாயனம், அப்புறம்தான் வைத்தியம். அந்த வரிசைதான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. 1934இல் ஒஸ்லோவில் ஒரு தாய் தன்னுடைய இரண்டு பிள்ளைகளோடு அவரிடம் வந்தார். மகளுக்கு ஆறு வயது, சில சொற்கள் மட்டும் வரும். மகனுக்கு நாலு வயது, பேச்சும் இல்லை, நடையும் இல்லை. பிறந்தபோது இரண்டு பேரிலும் ஒரு குறையும் தெரியவில்லை. பல வைத்தியர்களைப் பார்த்தாயிற்று. பிள்ளைகளிடம் ஒரு மாதிரி மணம் வருகிறது என்று தாய் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. (இங்கேயும் 'அம்மாமார் இப்படித்தான், சும்மா பயப்படுவினம்' என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.)

ஃபொல்லிங் சலத்தைச் சோதித்தார். ஃபெரிக் குளோரைட் என்பது ஒரு பழைய சோதனை, நீரிழிவுக்காரரின் சலத்தில் கீற்றோன் (உடம்பில் கொழுப்பு உடையும்போது வரும் பொருள்) இருக்கிறதா என்று பார்க்கச் சில துளிகள் விடுவார்கள், செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறும். இந்தப் பிள்ளைகளின் சலம் கரும்பச்சையாக மாறியது. அப்படி ஒரு நிறத்தை அவர் அதற்கு முன் கண்டதே இல்லை. ஏதாவது மருந்தின் வேலையாக இருக்கும் என்று எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார். பச்சையேதான். அதற்குப் பிறகு அந்தத் தாய் லீற்றர் கணக்கில் சலத்தைப் போத்தலில் சுமந்து வந்து கொடுக்க, அவர் அதிலிருந்து ஒரு பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, உருகுநிலை பார்த்து, அது பீனைல்பைருவிக் அமிலம் என்று உறுதிசெய்தார். பிறகு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான விடுதிகளில் இருந்த 430 பேரின் சலத்தைச் சோதித்ததில் இன்னும் எட்டுப் பேரிடம் அதே பச்சை.

இதுதான் பீனைல்கீற்றோனூரியா. நாம் சாப்பிடும் புரதத்தில் பீனைல்அலனீன் என்று ஒன்று இருக்கிறது, அதை ஈரலில் உள்ள ஒரு நொதியம் வேறொன்றாக மாற்ற வேண்டும். அந்த நொதியம் வேலை செய்யாவிட்டால் பீனைல்அலனீன் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும், அதில் ஒரு பங்குதான் பீனைல்பைருவிக் அமிலமாக மாறிச் சலத்தில் போகும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு பிள்ளைக்காகவும் சேர்த்து அந்த வேலையைச் செய்துவிடும், அதனால்தான் பிறக்கும்போது பிள்ளை நல்ல சுகமாக இருக்கும். பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் வினை.

சரி, மருந்து? அது வர இன்னும் பல வருடம் ஆயிற்று. 1950களின் தொடக்கத்தில் பேர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற வைத்தியர் ஒரு சிறுமிக்கு இந்த நோய் என்று கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டால் போதுமா, என் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு அவளுடைய தாய் காலைகளில் ஆய்வுகூட வாசலுக்கே வந்து நின்றார். அந்த நச்சரிப்புத்தான் பீனைல்அலனீனைக் கரியால் வடித்தெடுத்த ஒரு விசேட உணவைச் செய்ய வைத்தது. பிள்ளையில் மாற்றம் தெரிந்தது. அது உணவால்தானா என்று பார்க்க, தாய்க்குச் சொல்லாமல் உணவில் பீனைல்அலனீனைத் திரும்பக் கலந்தார்கள், பிள்ளை மறுபடி சரிந்தாள். இன்றைக்கு எந்த ஒழுக்கக்குழுவும் இதை அனுமதிக்காது. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனாலும் அந்த ஆதாரத்தோடு 1953இல் கட்டுரை வந்த பிறகுதான் உலகம் நம்பியது.

மூளை கெட்ட பிறகு உணவை மாற்றிப் பெரிய பயனில்லை, முதல் வாரங்களிலேயே தொடங்க வேண்டும். அதற்கு வழிசெய்தவர் அமெரிக்காவின் ரொபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பெறாமகளுக்கு இதே பீனைல்கீற்றோனூரியா. குதிக்காலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் எடுத்துச் சோதிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்கப் பிறந்த குழந்தைகளைச் சோதிப்பது அந்த முறையின் வழியில்தான்.

இனி நம்முடைய வீட்டுக் கதை. பிள்ளை இப்படி ஆகிவிட்டால் 'எங்கட பக்கத்தில் ஒருத்தருக்கும் இல்லை' என்று மாமியார் தொடங்குவார், மருமகள் தலைகுனிவாள். இந்த நோய்களில் பெரும்பாலானவை தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் வரும். இரண்டு பேரும் நல்ல சுகமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பேறுகாலத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கே கிடையாது. சொந்த மச்சான் மச்சாள் கலியாணம் என்றால் இரண்டு பேரிடமும் ஒரே பழுது இருக்கக்கூடிய வாய்ப்புக் கூடும். கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, கட்டியிருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பச்சைக்குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறக்க முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பால் குடித்த பிறகு பிள்ளை சோர்ந்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், சலத்தில் புதுவிதமான மணம் வந்தால், அடுத்த கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.