ரீசேட்டில ஊசிமுனை ஓட்டை: பூச்சியைத் திட்டுறதுக்கு முதல் இதைப் பாருங்க

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் மக்களே. இந்தா, இந்த ரீசேட்டைக் கெமராவுக்குக் கிட்டக் கொண்டு வாறன். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழ, ஊசி குத்தின மாதிரி நாலு ஓட்டை. தெரியுதா? இதைக் கண்டதும் கல்முனையில இருந்து காத்தான்குடி வரைக்கும் எல்லா வீட்டிலயும் சொல்றது ஒண்டுதான்: "அலுமாரிக்குள்ள பூச்சி." உடன பூச்சி உருண்டை வாங்கி மடிப்புக்கு மடிப்பு போடுறாங்க. அடுத்த மாசம் அதே இடத்தில இன்னும் ரெண்டு ஓட்டை. எல்லா ரீசேட்டிலயும் ஒரே இடத்தைத் தேடிப் பிடிச்சுக் கடிக்கப் பூச்சிக்குத் தெரியாது மக்களே.

அதால முதல் வேலை, ஓட்டை விழுந்த உடுப்பு எல்லாத்தையும் எடுத்துக் கட்டில்ல வரிசையா விரிங்க. ஓட்டை எந்த இடத்தில இரிக்கு எண்டு பாருங்க. மறுகா ஒவ்வொண்டையும் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு, ஓட்டையிர ஓரம் எப்பிடி இரிக்கு எண்டு பாருங்க. ஃபோன் கெமராவைப் பெரிசாக்கிப் பாத்தாலே போதும். இடமும் ஓரமும் முக்கால்வாசி பதிலைச் சொல்லிரும்.

முன்பக்கம், வயித்துக்கு நேரே, 1 இல இருந்து 3 மில்லிமீற்றர் ஓட்டை. சுத்திவர துணி மெலிஞ்சு வெளிச்சம் கூடுதலா வருது. அப்பிடியெண்டா அது உராய்வு. ஜீன்ஸ் பொத்தான், பெல்ட் பக்கிள், சாரத்துக்கு மேல கட்டுற பெல்ட்டிர கொக்கி, இதுகள் உள்ளுக்கு. குசினியில சீமெந்துக் கட்டு, கடை மேசை விளிம்பு, மோட்டார் சைக்கிள் டேங்க், இதுகள் வெளியில. ரெண்டுக்கும் நடுவில மாட்டுப்பட்டு அரைபடுறது ரீசேட் துணி. அது பின்னல் துணி, ஒரே நூல் வளையம் வளையமாக் கோர்த்துப் போறது. ஒரு வளையம் அறுந்தாப் பக்கத்து வளையமும் கழண்டுரும். அதாலதான் ஊசிமுனையா இருந்தது ரெண்டு தரம் கழுவினதும் மிளகளவு ஆகுது. நெய்த துணியில, சேட்டில, சாரத்தில, ஒரு நூல் அறுந்தாலும் அவ்வளவு கெதியாப் பரவாது.

சந்தேகமா இரிக்கா? சோக்குக் கட்டியை எடுத்துப் பொத்தானிலயும் பக்கிள்லயும் நல்லாப் பூசுங்க. கறுப்பு ரீசேட் ஒண்டைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் வழமையான வேலையைச் செய்ங்க, சமைங்க, பாத்திரம் கழுவுங்க. மறுகா ரீசேட்டை மறுபக்கம் திருப்பிப் பாருங்க. சோக்கு பட்ட இடமும் பழைய ரீசேட்டில ஓட்டை விழுந்த இடமும் ஒண்டா வந்தா விசாரணை முடிஞ்சுது. குசினிச் சீமெந்துக் கட்டில சாஞ்சு நிக்கிறதைக் குறைங்க, இல்லாட்டி தடிச்ச துணியில ஏப்ரன் கட்டுங்க. பக்கிளைப் பக்கவாட்டுக்குத் திருப்பி விட்டாலும் சரி. துணி வாங்கக்குள்ள உள்ளுக்குக் கையை விட்டுப் பாருங்க, விரல் நிறம் தெரிஞ்சா அது மெல்லிசு. சதுர மீற்றருக்கு 140 கிராம் துணியை விட 180 கிராம் துணி இந்த அரைப்பைக் கனகாலம் தாங்கும்.

சால்வையிலயும் சாரியிலயும் தோள் பக்கம், தலைப் பக்கம் ஓட்டை எண்டா பின்தான் காரணம். கூரான பின் நூலை விலத்திக்கொண்டு போகும். முனை மழுங்கினதும் துருப்பிடிச்சதும் நூலை அறுக்கும். எங்கட கடற்காத்தில பின் கெதியாத் துருப்பிடிக்கும், அதால நகத்தில இழுத்துப் பாத்துக் கீறினா வீசிருங்க.

ஓட்டை ஒரு இடத்தில இல்லாம முதுகு, கை எண்டு கண்டபடி இரிக்கா? வோஷிங் மெசினைப் பாருங்க. பிளக்கைக் கழட்டிப் போட்டு, பழைய நைலோன் காலுறையைக் கையில மாட்டி, டிரம்மிர உள்பக்கத்தையும் அடியில சுத்துற தட்டிர விளிம்பையும் மெதுவாத் தடவுங்க. நூல் இழுபடுற இடத்தில பிசிர் இரிக்கு. உருக்கு டிரம் எண்டா 400 ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால லேசாத் தேய்க்கலாம். சிப்பைப் பூட்டி, பிராக் கொக்கியை மாட்டி வலைப் பைக்குள்ள போடுங்க. 7 கிலோ மெசின் எண்டா அது காய்ஞ்ச உடுப்பிர நிறை. அமத்தி அடைஞ்சா ஒண்டையொண்டு முறுக்கி இழுக்கும்.

இனி ஓரம். ஓட்டையைச் சுத்தி நிறம் வெளுத்து, துணியை விரலால இழுத்தா மாவு மாதிரி உதிர்ந்தா, அது கெமிக்கல். பற்றரி அமிலம், டொய்லெட் கழுவுற அமிலம், ப்ளீச். இதில ஆக்கள் ஏமாறுறது எங்க தெரியுமா? அமிலம் தெறிக்கக்குள்ள ஒண்டும் தெரியாது. தண்ணி ஆவியாகப் போக அமிலம் செறிவாகிப் பருத்தி நூலைத் தின்னும். கழுவி எடுக்கக்குள்ளதான் ஓட்டையாக் கொட்டும். பழி சவக்காரத்தூளுக்கு. தெறிச்ச உடன நிறையத் தண்ணி ஊத்திக் கழுவி, 5 லீற்றர் தண்ணிக்கு 2 மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு ஊற வைங்க. ப்ளீச்சை நேரா உடுப்பில ஊத்தவே கூடாது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும், 10 லீற்றர் தண்ணிக்கு 50 மில்லிலீற்றர், 5 நிமிசம், அவ்வளவுதான். ப்ளீச்சையும் அமிலத்தையும் கலந்திராதீங்க, நச்சு வாயு வரும். கம்பிக் கொடியில பிடிச்ச துருக்கறைக்கும் ப்ளீச் போடாதீங்க, இரும்பு பட்ட இடத்தில ப்ளீச் துணியை இன்னும் கெதியா அரிக்கும். கம்பியை எடுத்துப் போட்டு நைலோன் கயிறு கட்டுங்க.

ஓரம் கறுத்தோ, உருகிக் கட்டியாகியோ இருந்தா நெருப்புப் பொறி. தையலை ஒட்டி, நேர் வரிசையில, சம இடைவெளியில இருந்தா அது தைச்ச இடத்துப் பிழை. மழுங்கின ஊசி நூலை வெட்டியிரிக்கு. அப்பிடியான புது உடுப்பைக் கழுவாமக் கடைக்கே கொண்டு போங்க.

இப்ப பூச்சி. இல்லை எண்டு சொல்லல்ல. மாரியில, நவம்பரில இருந்து ஜனவரி வரைக்கும், அலுமாரி ஈரம் குடிச்சு நிக்கக்குள்ள வெள்ளி நிறத்தில வழுக்கி ஓடுற, வால்ல மூண்டு மயிர் இரிக்கிற இராமபாணப் பூச்சி வரும். அதுக்குப் பிடிச்சது கஞ்சி. கஞ்சி போட்ட மருதமுனைச் சாரம், கைத்தறிச் சாரி, இதுகளைத்தான் மேலால சுரண்டித் தின்னும். கரப்பான் கறி பட்ட இடத்தையும் வேர்வை பட்ட கொலரையும் தேடும். அந்துப் புழு தின்னுறது பட்டும் கம்பளியும், சுத்தமான பருத்தியில அதுக்கு வேலை இல்லை.

பூச்சி இரிக்கா எண்டு பாக்க ஒரு கண்ணாடிப் போத்தல் எடுங்க. வெளிப்பக்கம் முழுக்கக் கடதாசி டேப் சுத்துங்க, உள்ளுக்குப் பாண் துண்டு. அலுமாரிக்கு அடியில மூண்டு ராவு வைங்க. இராமபாணம் டேப்பில ஏறி உள்ள விழும், வழுக்குற கண்ணாடியில திரும்பி ஏறேலாது. விழுந்திருந்தா அலுமாரியைச் சுவரில இருந்து 3 அங்குலம் தள்ளுங்க, கழுவாத உடுப்பை உள்ள வைக்காதீங்க, கனநாள் வைக்கிற சாரியைக் கஞ்சி போக அலசிக் காயவச்சு மடிங்க. பூச்சி உருண்டை, அதாவது நப்தலீன், நல்லா மூடின பெட்டிக்குள்ளதான் வேலை செய்யும், மேல் தட்டில வைங்க, ஆவி கீழ இறங்கும். குழந்தைப் பிள்ளைர உடுப்போட மட்டும் வேணாம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலயே ஜி6பிடி எண்ட, இரத்தச் சிவப்பணுவைக் காக்கிற நொதியம் குறைவா இரிக்கும், அந்த ஆவியால அதுகள்ர இரத்தச் சிவப்பணு உடையும்.

விழுந்த ஓட்டையைச் சின்னதா இருக்கக்குள்ளயே பிடிங்க, கழுவுறதுக்கு முதல். மறுபக்கம் திருப்பி, அதே நிறத்தில ஒத்தை நூலால சுத்திவர வளையங்களைக் கோர்த்து மெதுவா இழுங்க, சுருக்கம் விழுற அளவுக்கு இழுக்கக் கூடாது. அதுக்கு மேல அயன் சூட்டில ஒட்டுற மெல்லிய ஒட்டுத்துணியை ஒரு ரூபாக் குத்தியளவு வட்டமா வெட்டி வச்சு, மேலால ஈரத்துணி போட்டு, அயன்பெட்டியை 10 செக்கன் அமத்துங்க. தேய்க்காதீங்க. ஆறுற வரைக்கும் அசைக்கவும் வேணாம்.