ஊர் வாய்க்கு மூடி ஏது?

தலைவர் ஐயா அவர்களே, வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வேலை நாளிலும் ஹட்டனுக்கு வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, மேடையைப் போட்டுத் தந்த கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, அரைநாள் பெயரை, அதாவது அரைநாள் கூலியை, விட்டு வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே, வணக்கம். அறிவிப்பாளர் தம்பி கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இருக்கட்டும், மரியாதை முதலில்.

சிறையிலிருந்து வரும் நம் பையன்களுக்கு மூன்று தேவை என்பேன். கையில் ஒரு தொழில், கூடவே ஒரு வழிகாட்டி, ஏற்றுக்கொள்ளும் குடும்பம். முதலாவதைச் சொல்கிறேன்.

உலைக்கு மூடி உண்டு, ஊர் வாய்க்கு மூடி ஏது? 1876 முதல் 2014 வரை கண்டியில் போகம்பறைச் சிறை இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னாலே தோட்டத்து லய வீடுகளில் பெண் கொடுக்க மாட்டார்கள். இப்போது சிறை பல்லேகலையில். பேச்சு மட்டும் அதேதான்.

நம் பக்கத்துப் பையன் ஒருவன் கொழும்பில் கடை வேலைக்குப் போய், அடிதடி வழக்கில் வெலிக்கடைச் சிறைக்குப் போனான். அங்கே பேக்கரி உண்டு. மா பிசையப் பழகினான். விடுதலையாகி வந்து டவுனில் ஒரு பேக்கரி முதலாளியிடம் வேலை கேட்டான்.

"எங்கே தம்பி பழகினாய்?"

"கொழும்பில், அரசாங்க பேக்கரியில் முதலாளி."

"அரசாங்கத்துக்குப் பேக்கரியா! சம்பளம்?"

"சொல்லும்படி இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்."

"லீவு?"

"அதுதான் முதலாளி, லீவே தரமாட்டார்கள்!"

சிரிக்கிறீர்கள். முதலாளிக்கும் அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு தட்டு சீனி தூவிய கிம்புலா பணிஸ் போடச் சொன்னார். வெந்து வந்ததும் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். "நாளைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வா" என்றார். பக்கத்து லயத்து ஆச்சி ஒருவர், "ஜெயிலுக்குப் போன கை பிசைந்த பாணா? என் வீட்டுக்குள் வரக்கூடாது" என்று சத்தம் போட்டார். பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பாட்டோடு ஏறி வந்தால் இன்றைக்கு முதலில் நிற்பது யார்? அதே ஆச்சிதான்! ஊர் வாய்க்கு மூடி இல்லை, சரி. பணிஸ் கொடுக்கலாமே.

ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒரு முதலாளி கிடைப்பாரா? கையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால், தொழிலை எங்கே பழகினாய் என்ற கேள்வி பின்னுக்குப் போகும். வேலை செய்தே பழகியவருக்கும் திறமையைச் சோதித்து அதைக் கொடுக்கிறார்கள். உள்ளே மேசன் வேலையோ தச்சு வேலையோ பழகியவனுக்கு இது பெரிய வாசல்.

மொழி பற்றிய என் பழைய வாதத்துக்கு வருகிறேன். எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் பேசுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987 இலேயே சொல்லிவிட்டது. நம் பையன் பயிற்சி கேட்டுப் போனால், "வகுப்பு சிங்களத்தில்தான்" என்ற பதிலோடு பஸ் ஏறித் திரும்புகிறான். பேச்சுச் சிங்களம் அவனுக்கு வரும். வயரிங் பாடத்தைச் சிங்களத்தில் எழுதிச் சித்தியடைவது வேறு விஷயம். சிறை மீண்டவனுக்கு மட்டுமா இது? ஓ.எல். பரீட்சையில் தவறி வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே கதைதான்.

வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள், பிறகு தனியாகப் பேசுவோம். தம்பி மறுபடியும் கடிகாரத்தைத் தட்டுகிறார்.

பிரதேச செயலாளர் அம்மா, இந்த நகரத்தில் தமிழில் பேக்கரி வகுப்பொன்றும் வயரிங் வகுப்பொன்றும் வேண்டும். மனு தர்மகர்த்தா ஐயாவிடம் இருக்கிறது. தேநீருக்கு முன்பே உங்கள் கையில் கொடுத்துவிடுவார். நன்றி, வணக்கம்.