இல்லாத வரியைத் தேடி

(வேலூரில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வணக்கம். வெளிநாட்டில் படித்த காலத்து இலக்கியப் பயணங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பார்த்த ஊர்களையெல்லாம் அடுக்கிச் சொன்னால் அது சுற்றுலா விளம்பரத் தாள் போலாகிவிடும் என்பதால், நின்று படித்த சில கற்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியாத்தத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறிக்கச் சொன்னார் என ஒரு பேச்சுப் போட்டியில் குரலை உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் எழுந்தது, எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதில்தான் என் தந்தையார் இன்றும் காபி குடிக்கிறார். அந்த வரியை எனக்கு எழுதிக் கொடுத்தவருக்கு அதைச் சொன்னவர் யார் என்று அன்று நான் கேட்கவில்லை.

பின்னர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்றேன். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணமும், ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் இளைஞர் சலுகை அட்டையுமே என் பயணங்களுக்கு முதல். ஆங்கில நாவலாசிரியர்களான பிரான்டே சகோதரிகள் வாழ்ந்த ஹாவொர்த் பக்கத்தில் இருந்ததால் முதலில் அங்கே போனேன். வீட்டைவிடப் பின்னால் விரிந்த மேட்டுநிலத்துக் காற்றே நினைவில் நிற்கிறது. மூவரில் இளையவரான ஆன் மட்டும் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் அடக்கமாகியிருக்கிறார். 1849இல் 29ஆம் வயதில் இறந்த அவருடைய கல்லில் வயது 28 என்று செதுக்கப்பட்டிருக்கிறது; பிற்காலத்தில் பக்கத்தில் வைத்த பலகை அதைத் திருத்துகிறது. கல்லில் எழுதியதும் தவறாக இருக்கலாம் என்பதை நான் முதலில் கண்டது அங்கேதான். எழுதாத ஒன்றை நானே மேடையில் படித்துக் காட்டியிருக்கிறேன் என்பதைக் காண ஆக்ஸ்போர்டு வரை போக வேண்டியிருந்தது.

செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் போப்பின் கல்லைக் கண்டு, அதிலுள்ள எழுத்துகளை மூன்று முறை படித்தேன். அவர் பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்னும் குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்ததும் பேலியல் கல்லூரியில் சமயப் பணி ஆற்றியதும், 1820 ஏப்ரல் 24இல் பிறந்து 1908 பிப்ரவரி 11இல் மறைந்தது, எல்லாம் இருந்தன. நான் டம்ளர் வாங்கிய வரி இல்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, ஏமாற்றத்தில் சரியாகப் படிக்காமல் விட்ட கடைசி வாக்கியத்துக்குத் திரும்பினேன். கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டினார்கள் என்கிறது அது. ஐயாயிரம் மைல் எட்டத்தில் கிடக்கும் ஒரு முதியவரின் தலைமாட்டில், போக வழியில்லாத நம் ஊர்க்காரர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் 'தமிழ் நண்பர்கள்' என்று மட்டும் நின்றிருக்கிறார்கள். மேடை வரியில் போப் நம்மைப் புகழ்கிறார். கல்லில் நாம் அவரைப் புகழ்கிறோம். எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது, ஆனால் அதற்கு எந்தப் போட்டியிலும் கைதட்டல் விழாது.

பேலியலின் தலைவராக இருந்த ஜோவெட்டும் அதே தோட்டத்தில் இருக்கிறார். பெரிய பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று அவர் தம்மிடம் சொன்னதைப் போப் திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் நினைவுகூர்கிறார். அது வெளிவந்த 1900இல் போப்புக்கு வயது 80. மேடையில் சொல்ல உண்மையான செய்தியே இப்படி இருக்கும்போது கற்பனைக்கு என்ன தேவை வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்தில் ரோமாபுரிக்குப் போனேன். ஷெங்கன் விசாவுக்கு அலைந்த கதையைச் சொன்னால் உங்கள் மதிய உணவு தள்ளிப்போகும். 1821இல் 25 வயதில் அங்கே இறந்த ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ், தம் கல்லில் பெயர் வேண்டாம், 'நீரில் எழுதப்பட்ட பெயருடையான் ஒருவன் இங்கே கிடக்கிறான்' என்னும் ஒரு வரி போதும் என்று கேட்டிருந்தார். பெயரை விட்டுவிட்டார்கள்; ஆனால் செவர்ன், பிரவுன் என்னும் நண்பர்கள் இருவரும் மனம் கேளாமல், பகைவரின் கொடுமையால் நெஞ்சு கசந்து இறந்த இளங்கவிஞன் என்று அந்த வரிக்கு மேலே நீளமாக எழுதிவைத்தார்கள். பிரவுன் பின்னர் அதற்காக வருந்தினார். அன்புடையவர்களால் ஒரு கல்லைச் சும்மா விட முடிவதில்லை என்பதை அங்கே கண்டேன். போப்பின் கல்லில் இல்லாத வரியை நாம் வாயால் செதுக்கியதும் அந்த அன்பினால்தான் போலும். கோபம் அத்தோடு தணிந்தது. அதற்காக அந்த வரியை இனியும் சொல்லலாம் என்று நான் கருதவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, 1989 வரை நம் வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்த செங்கம் பக்கத்து எடுத்தனூருக்குப் போனேன். உலகத்தைச் சுற்றியவன் வீட்டுக் கொல்லையைக் கடைசியாகப் பார்த்தேன் என்று நீங்கள் சிரிக்கலாம். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனையும், அவனுடைய கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் சொல்கிறது. ரோமில் பெருங்கவிஞன் பெயர் கல்லில் இல்லை. எடுத்தனூரில் நாயின் பெயரும் இருக்கிறது. புகழ்ச்சி ஒரு சொல் கூடுதலாக இல்லாத அந்தக் கல்லின் முன் நான் நின்ற நேரம் ஆக்ஸ்போர்டில் நின்றதைவிட அதிகம்.

அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிரே வரும் கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்தது மலைபடுகடாம் என்னும் சங்க நூல். அதன் 583 அடிகளில், கவர்வழிகளில் நிற்கும் நடுகற்களைச் சொன்ன கையோடு, வழி அறியாத புதியவர்களே, பிரிவிடத்தைத் துடைத்துப் 'புல் முடிந்து இடுமின்' என்கிறான் அவன். பின்னால் வருபவர் வழி தவறாதிருக்கப் புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறான்.

ஆகவே என் முடிச்சையும் போட்டுவிடுகிறேன். ஆக்ஸ்போர்டு ரயில் நிலையத்தில் இறங்கி, ஜெரிக்கோ பகுதியிலுள்ள வால்டன் தெருவைக் கேளுங்கள், நடந்தே போகலாம். கல்லறைத் தோட்டம் தெருவிலிருந்து கண்ணில் படாது. கட்டடங்களுக்கு நடுவே குறுகலான சந்து ஒன்று உள்ளே போகும். நான் அதை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். உள்ளே புல் எப்போதும் ஈரமாக இருக்கும், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள்.