மேடைல கை நடுங்கினா நடுங்கட்டும்

எல்லாருக்கும் வணக்கம். மார்கழி கச்சேரி சீசன் வரப்போகுது, உங்கள்ல பல பேருக்கு மத்யானம் பாட ஸ்லாட் கிடைச்சிருக்கும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

மேடை ஏறும்போது வாய் வறண்டு, கை ஜில்லுனு ஆகுதே, அத உங்க சாதகத்துல, அதாவது தினமும் பண்ற பயிற்சில, குறைன்னு நினைக்காதீங்க. அட்ரினலின் ஏறினா உடம்பு ரத்தத்த விரல்ல இருந்து பெரிய தசைங்களுக்கு அனுப்பிடும், மூச்சு நெஞ்சோட நின்னுடும். பாடற நமக்கு மூச்சுதான் வாத்தியம், வயலின்காரங்களுக்கு வில் புடிக்கிற கை, அதான் இவ்ளோ உறைக்குது.

"பயப்படாதே"ன்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல. ஹார்வர்டுல அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, கரோக்கி பாட வந்தவங்கள்ல சிலர "பதட்டமா இருக்கு"ன்னும் சிலர "உற்சாகமா இருக்கு"ன்னும் சொல்ல வெச்சாங்க, உற்சாகம்னு சொன்னவங்கதான் நல்லா பாடினாங்க. படபடப்பு அடங்கல, அதுக்கு வெச்ச பேருதான் மாறிச்சு.

ஆனா பேரு மாத்தினா மட்டும் போதாது, இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். எனக்கு 17 வயசு, மயிலாப்பூர்ல ஒரு மத்யானக் கச்சேரி, தோடி ராகத்துல ஒரு கிருதி, அதாவது பாட்டு, சரணத்துல ரெண்டாவது வரி சுத்தமா வரல. மிருதங்கம் போயிட்டே இருக்கு, வயலின் அக்கா கண்ணால சைகை காட்டறாங்க, நான் திரும்பத் திரும்ப பல்லவிக்கே ஓடறேன், ஏன்னா வீட்ல 200 தடவை பாடியிருப்பேன், 200 தடவையும் பல்லவில இருந்துதான் ஆரம்பிச்சேன், அந்தப் பாட்டுக்குள்ள நுழைய எனக்கு வேற வழியே தெரியாது. அன்னிக்கு ராத்திரி அம்மா ஒண்ணும் கேக்கல, மோர்சாதம் பெசஞ்சு குடுத்தாங்க, எனக்கு இறங்கல.

மனப்பாடம் சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டா மீதியும் போயிடும். அதனால அனுபல்லவில இருந்து, சரணத்துல நடுவுல இருந்து, சிட்டஸ்வரத்துல (பாட்டோட சேர்த்து முன்னாடியே கட்டி வெச்ச ஸ்வர வரிசை) இருந்துன்னு எங்க தட்டினாலும் எடுக்கிற மாதிரி பழகணும், அதுவும் படி ஏறி இறங்கி மூச்சு வாங்கறப்போ, பக்கத்து வீட்டு மாமி உக்காந்து கேக்கறப்போ பழகணும். கச்சேரிய வர்ணத்துல ஆரம்பிக்கிறதும் இதுக்கு நல்ல துணை, வர்ணம் நாம பயிற்சிக்குன்னே கத்துக்கிட்ட உருப்படி, வருஷக்கணக்கா ரெண்டு வேகத்துலயும் பாடி ஊறிப்போனது, அது முடியறதுக்குள்ள மூச்சு தன்னால இறங்கி உக்காந்துடும்.

சரி, முன்வரிசைல பச்சை தாவணி, நீ மேல வாம்மா. ஸ்ருதிப்பெட்டி வெச்சிருக்கேன். நீ கடைசியா பாடம் பண்ணின கிருதி எது? பல்லவி வேண்டாம், சரணத்துல இருந்து எடு.