படிக்கப் போகிறவருக்கு இடம் கிடைத்துவிட்டது, கூடப் போகிறவருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாணம் ஆன பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ மேல்படிப்புக்கு இடம் கிடைக்கிறது. டெல்லி எய்ம்ஸில் எம்.டி., குவாஹாட்டி ஐஐடியில் ஆராய்ச்சி, டேராடூனில் இருக்கிற இந்திய வனவிலங்கு நிறுவனம், இப்படி ஏதோ ஒன்று. கடிதம் வந்த அன்று வீட்டில் ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் கேள்வி வந்துவிடுகிறது. மற்றவர் என்ன செய்வது? இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கூடப் போவதா, இங்கேயே இருந்துகொண்டு விடுமுறைக்கு விடுமுறை பார்த்துக்கொள்வதா?

நான் கூடப் போனவன். என் மனைவிக்கு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) பிஎச்.டி. இடம் கிடைத்தபோது நான் மதுரையில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, இதே கேள்வியோடு இளம் தம்பதிகள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் சொல்வதைத்தான் இன்றைக்கு உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

வீட்டில் நடக்கிற பேச்சு முழுவதும் படிக்கப் போகிறவரைச் சுற்றியே இருக்கும். எந்த விடுதி, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, வழிகாட்டி எப்படிப்பட்டவர். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அநேகமாக அந்த நிறுவனமே பதில் வைத்திருக்கும். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே அவருக்கு ஓர் அடையாள அட்டை, ஒரு மேசை, தேநீர் குடிக்கக் கூப்பிடுகிற நான்கு பேர் கிடைத்துவிடுவார்கள். கூடப் போகிறவருக்கு அங்கே எதுவும் காத்திருக்காது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் எங்கே போவார், யாரோடு பேசுவார், மாதக் கடைசியில் அவர் கையில் என்ன இருக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் யாரும் பெட்டி கட்டக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். படிப்பு எத்தனை வருடம்? எம்.டெக்., எம்.பி.ஏ. என்றால் இரண்டு. எம்.டி., எம்.எஸ். என்றால் மூன்று. பிஎச்.டி. அப்படி இல்லை. யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் மறுபதிவு செய்து இரண்டு வருடம் நீட்டிக்கலாம். பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உண்டு. சேரும்போது "நாலு வருஷத்துல முடிச்சிரலாம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வகத்தில் செய்கிற ஆராய்ச்சி அப்படியெல்லாம் சொன்ன தேதியில் முடியாது. அதனால் அதே துறையில், அதே வழிகாட்டியிடம், கடைசியாக முடித்த இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடித்து எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள். தயங்காமல் சொல்வார்கள். இரண்டு வருடம் பிரிந்து இருக்கலாம் என்பது ஒரு முடிவு. ஆறு வருடம் பிரிந்து இருப்பது முற்றிலும் வேறொரு வாழ்க்கை.

மருத்துவப் படிப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மேல்படிப்பு படித்துக்கொண்டே மருத்துவமனையில் வேலை பார்க்கிற மருத்துவர்களுக்கான மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டம், ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் வேலை நேரத்தைச் சொல்கிறது. பெரிய மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்பதை அவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். முதல் வருடம் வீட்டுக்கு வந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கும். நீங்கள் வேலையை விட்டு, ஊரை விட்டுப் போய், ஒரு வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டி வரலாம். குழந்தை இல்லை, இங்கே நல்ல வேலை இருக்கிறது என்றால், முதல் வருடத்தைப் பிரிந்தே கழித்துவிட்டு அப்புறம் போவது புத்திசாலித்தனம் என்று நான் சொல்வேன். பிஎச்.டி.க்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கே காலம் நீளம், ஆனால் நாள் இவ்வளவு இறுக்கமாக இருக்காது. சாயங்காலம் சேர்ந்து காய்கறி வாங்கப் போகலாம்.

நான் கிளம்புவதாகச் சொன்னபோது அம்மா கேட்டார்: "பொண்டாட்டி படிக்கப் போனா நீ எதுக்குடா மூட்டை கட்டணும்?" மாமனார் அதைவிட மென்மையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்களுக்குச் சிரமம் வேண்டாம். அவ ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடப் படிச்சுக்கட்டும்." இருவருமே அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு டெல்லியில் வேலை கிடைத்து, என் மனைவி கிளம்பியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. நம் நாட்டில் பெண்கள் இடம்பெயர்வதற்கு மிகப் பெரிய காரணம் திருமணம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சொல்கிறது. எத்தனை பெண்கள் ஆசிரியர் வேலையை, வங்கி வேலையை, பாதியில் நின்ற படிப்பை விட்டுவிட்டுக் கணவன் வேலை பார்க்கிற ஊருக்குப் போயிருக்கிறார்கள்! அவர்களிடம் யாரும் "திங்கட்கிழமை காலையில் என்ன செய்வாய்" என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். போகிறவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். கணவனும் மனைவியும் அரசு ஊழியர்களாக இருந்தால் கூடியவரை ஒரே ஊரில் பணியமர்த்தலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது, 2009இல் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் அது இருவரும் வேலையில் இருப்பவர்களுக்கானது. ஒருவர் மாணவராகப் போனால் அதைக் காட்டி மாறுதல் கேட்க வழியில்லை. தனியார் வேலை என்றால், வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கேட்கலாம். மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னதை நம்பி மட்டும் கிளம்பிவிடாதீர்கள். மேலாளர் மாறுவார், கொள்கை மாறும். எத்தனை மாதத்துக்கு அனுமதி, அலுவலகத்துக்கு எப்போதெல்லாம் வர வேண்டும், சம்பளத்தில் மாற்றம் உண்டா என்று மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள்.

வேலையை விடத்தான் வேண்டும் என்றால், போகிற ஊரில் உங்கள் தொழிலுக்கு எவ்வளவு கிராக்கி இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. எனக்கு இரண்டு மாதத்துக்குள் டெல்லி நேரு பிளேஸில் ஒரு கணினி விற்பனை நிறுவனத்தில் கிடைத்தது. சம்பளம் மதுரையில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தது. அந்த இரண்டு மாதம் எப்படி இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், தமிழில் எழுதிப் பிழைக்கிறவர், சொந்தக் கடை வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் ஊர் மாறினால் தொழிலே ஆட்டம் காணும். அப்படிப்பட்டவரைக் "கூட வந்துரு, பாத்துக்கலாம்" என்று அழைப்பது நியாயமில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர் ஒருவர்தானே.

பணம் எவ்வளவு வரும் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, பெற்றவருக்கு இப்போது மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஃபெலோ ஆனபிறகு 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். விடுதியில் தங்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் ஜேஆர்எஃப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தால் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். டெல்லியில் 8,000 ரூபாய்க்கு ஒரு நல்ல அறை கூடக் கிடைக்காது. உதவித்தொகை மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சில மாதங்கள் தள்ளிச் சேர்த்து வருவதும் உண்டு. ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருப்பு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எய்ம்ஸ் எம்.டி. என்றால் இந்தக் கவலை குறைவு. அங்கே அடிப்படைச் சம்பளமே 56,100, படிகள் அதற்கு மேல்.

தங்குவது பற்றி விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விடுதி என்றால் பெரும்பாலும் ஒருவருக்குத்தான். மணமான ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று ஜேஎன்யூவில் மஹாநதி என்ற விடுதி இருக்கிறது, இடம் குறைவு, வரிசையில் காத்திருக்க வேண்டும். நாங்கள் முனிர்க்காவில் வீடு பிடித்தோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கம், தமிழ்க் குடும்பங்களும் நிறைய. பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் தெருமுனையிலேயே கிடைத்தன. சந்துகள் குறுகல், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழ்த்தளத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அதனால் வாடகை நூறு இருநூறு கூடினாலும் வெளிச்சம் வருகிற மாடியாகப் பாருங்கள், ஏனென்றால் பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் கூடப் போனவர்தான். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வீட்டுக்காரர் தனியாக ஒரு விலை வைத்திருப்பார். வாடகைக்கு வருகிறவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்வது அங்கே கட்டாயம். ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுபோனால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்க மறுபதிவு செய்ய வேண்டும். புறப்படும் முன்பே இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிரும் இந்தியும் எல்லோரும் பயப்படுகிற இரண்டு. ரஜாய் போர்த்திக்கொண்டால் குளிர் போய்விடும். இந்தி ஆறு மாதத்தில் கடைக்குப் போகிற அளவுக்கு வந்துவிடும். நவம்பர் மாதத்துக் காற்றுதான் நிஜமான தொல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டெல்லிக்குக் குடிபோகாதீர்கள்.

குழந்தை இருந்தால் பள்ளிக்கூடக் கவலை வரும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் அங்கே ஏழு பள்ளிகள் நடத்துகிறது, தமிழும் படிக்கலாம். ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே ஒரு நூலகம். பக்கத்திலேயே மலை மந்திர் என்று எல்லோரும் சொல்கிற முருகன் கோயில். நான் இதையெல்லாம் ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலையில்லாத மாதங்களில் மத்தியான நேரம் மிக நீளமானது. உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை படிக்கவும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஓரிடம் இருந்தால் ஒரு மனிதன் சோர்ந்துபோகாமல் இருக்கிறான். குவாஹாட்டிக்கோ சண்டிகருக்கோ போகிறவர்கள், அங்கே தமிழர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று முதல் வாரமே விசாரியுங்கள்.

போகாமல் இருப்பதும் ஒரு மரியாதையான முடிவுதான். வயதான பெற்றோர் இருக்கிறார்கள், வீட்டுக்கடன் போகிறது, பதவி உயர்வு வருகிற நேரம். இவையெல்லாம் சாக்கு அல்ல, நிஜமான காரணங்கள். ஆனால் பிரிந்திருப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். ரயிலில் இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் முன்பதிவு செய்ய முடியும். மதுரையிலிருந்து டெல்லி ஏறத்தாழ இரண்டு நாள் பயணம். யார் எப்போது போவது, செலவு யாருடையது, இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவது, இதையெல்லாம் பேசாமல் "சமாளிச்சுக்கலாம்" என்று பிரிந்தவர்கள் வீட்டில்தான் மனக்கசப்பு வந்து பார்த்திருக்கிறேன். பிரிந்திருப்பதை ஒரு தேதி வைத்துத் தொடங்குங்கள். அந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

யுஜிசி விதிகளில் ஒரு ஷரத்து இருக்கிறது. பிஎச்.டி. படிக்கிற பெண் திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், ஆராய்ச்சித் தரவுகளை அவர் போகிற பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மகப்பேறுக்கும் குழந்தை பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. எத்தனையோ பெண்களின் படிப்பைக் காப்பாற்றுகிற நல்ல விதிகள் இவை, மாணவிகள் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கல்யாணம் ஆனால் ஊர் மாறுகிறவள் பெண்தான் என்று அந்த விதியே எடுத்துக்கொள்கிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு. மனைவி படிக்கிற ஊருக்குக் கணவன் போவதும் இயல்புதான் என்று ஆகிவிட்டால், அப்படி ஒரு விதியைப் பெண்களுக்கு மட்டும் எழுத வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று. படிப்பு முடிந்ததும் அடுத்த கேள்வி வரும். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவதா, ஊருக்குத் திரும்புவதா? அடுத்து யார் யாருக்காக நகர்வது என்பதைப் படிப்பு தொடங்கும்போதே பேசிவிடுங்கள். நாங்கள் பேசினோம். ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு என் மனைவிக்கு ஹைதராபாத்திலிருந்தும் அழைப்பு வந்தது. ஆனால் அடுத்த ஊர் என்னுடைய தேர்வு என்று முன்பே சொல்லிவைத்திருந்தோம், அதனால் மதுரைக்குத் திரும்பினோம். அவர் இப்போது இங்கே ஒரு கல்லூரியில் கற்பிக்கிறார். அவரிடம் பிஎச்.டி. பதிவு செய்ய வருகிற மணமான மாணவியிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி: "உங்க வீட்டுக்காரர் இங்க வந்து என்ன செய்யப்போறார், அவர்கிட்ட கேட்டீங்களா?"

வணக்கம்.