உடுவிலுக்கு வந்த ஆசிரியை

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போனால் மருதனார்மடச் சந்தி வரும். அங்கிருந்து சற்று உள்ளே போனால் உடுவில் மகளிர் கல்லூரி. அங்கே ஏறக்குறைய நாற்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்த எலைசா அக்னியூவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அவர் 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியர் தேசப்படத்தில் இலங்கையைக் காட்டியபோதே 'நான் அங்கே போவேன்' என்று தீர்மானித்தாராம். எட்டு வயதில் எனக்கிருந்த பெரிய ஆசை நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீம் குடிப்பது. சரி, அதை விடுவோம். ஆசையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் காத்திருந்ததுதான். பெற்றோரைத் தனியே விட்டுப் போக மனமில்லை. இருவரும் காலமான பிறகே 1839இல் கப்பல் ஏறினார். 1840 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தபோது வயது முப்பத்திரண்டு. அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.

பள்ளிக்கூடத்தை 1824இல் தொடங்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைக்க மிஷன்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சிறு தொகை சீதனமும் கொடுத்தார்கள்! யாழ்ப்பாணத்தாரின் நாடியை நன்றாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சீதனத்தைக் காட்டிப் படிப்பை விதைத்ததை மெச்சுவதா, நோவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மதம் மாற்றுவதுதான் அவர்களின் நோக்கம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதைக் கண்டுதான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிற்காலத்தில், 1913இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி எழுப்பியதும் இதே மருதனார்மடத்தில்தான். உடுவில் இல்லாதிருந்தால் இந்தப் போட்டியும் இவ்வளவு கெதியாக வந்திராது.

1855இல், அதே மிஷன் ஆண்பிள்ளைகளுக்கு நடத்திய பேர்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியையே மூடினார்கள். உடுவில் தொடர்ந்து நடந்தது. அக்னியூ அம்மையார் தாய்க்குப் படிப்பித்தார், மகளுக்குப் படிப்பித்தார், பிறகு பேத்திக்கும் படிப்பித்தார். பாடம் முடிந்ததோடு அவர் பிள்ளைகளை மறந்துவிடவில்லை. கலியாணம் கட்டிப் போனவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்த்துவருவார். தனக்கென்று பிள்ளை இல்லாத அவரை 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்றார்கள். ஆயிரம் என்பது உயர்வு நவிற்சி அல்ல. அவரிடம் படித்தவர்கள் உண்மையாகவே ஆயிரத்துக்கு மேல். 1879இல் ஓய்வுபெற்று மானிப்பாய்க்குப் போனார். 1883இல் அங்கேயே கண்மூடினார்.

என் அம்மம்மாவின் அம்மம்மாவும் அவரிடம் படித்தவர். எங்களுடையது சைவ வீடு. அவரும் கடைசிவரை நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்தானாம். ஆனால் நெல்லுக்கணக்கை எழுத ஆண்பிள்ளைகளைக் கூப்பிடமாட்டாராம். தானே எழுதிவைப்பார். அந்தக் கணக்குக் கொப்பி ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தது. சின்ன வயதில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. 1995 இடப்பெயர்வில் பெட்டகத்தோடு அதுவும் போய்விட்டது.

வணக்கம்.